பொத்தைச் சரிவில் தேக்கு: பதினோரு வருஷக் கணக்கு

2025 ஜனவரியில், தை மாதம், மேல் வரிசைத் தேக்கு மரங்களை மறுபடி அளந்தேன். மழைநீர்க் குழி வெட்டிய பிறகு நாலரை வருஷத்தில், சுற்றளவில் சராசரியாக 16 சென்டிமீட்டர் பருத்திருக்கின்றன. அதே உயரத்தில், அதே சரிவில், காசு தீர்ந்துபோய் நான் கைவைக்காமல் விட்ட இரண்டு வரிசை 9 சென்டிமீட்டர்தான் பருத்திருக்கின்றன. இந்த 7 சென்டிமீட்டருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். டேப்பை மடக்கிப் பையில் போட்டுவிட்டு வரப்பில் கொஞ்ச நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். எங்கே சரியாகச் செய்தேன், எங்கே தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். அடிவாரத்துப் புஞ்சையில் மரம் வைக்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

இடம் தென்காசி மாவட்டம் கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரம். பெரிய மலைக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒரு பொத்தையின், அதாவது சிறு குன்றின், கிழக்குச் சரிவு. தாத்தா காலத்தில் கீழ்ப்பாதியில் எள்ளும் உளுந்தும் போட்டிருக்கிறார்கள், மேல்பாதியில் ஆடு மேய்ந்திருக்கிறது. மொத்தம் 2 ஏக்கர் 32 சென்ட் பட்டா. சரிவோடு டேப் பிடித்தால் மேலிருந்து கீழே 120 மீட்டர், அகலம் 80 மீட்டர். கிணறு கீழ் ஓரத்தில், அதற்கும் கீழே ஓடை.

2013 ஐப்பசியில் நட்டேன். தேக்கு ஸ்டம்ப் வாங்கினேன். கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் வேர், மேலே ஒரு அங்குலம் தண்டு. ஒன்று 6 ரூபாய். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் 1,040 ஸ்டம்ப், 6,240 ரூபாய். குழி எடுக்க ஒன்றுக்கு 10 ரூபாய் என்று பேசி 10,400 ரூபாய்.

முதல் தப்பு அன்றைக்கே நடந்தது. குழி வெட்ட வந்தவர்கள் கீழிருந்து ஆரம்பித்து, மூன்றாம் நாள் மேலே போனதும், “இங்க குழிக்கு 15 ரூவா தாங்க அண்ணாச்சி, பாரை இறங்க மாட்டேங்குது” என்றார்கள். நான் பேரம் பேசினேன். 12 ரூபாயில் முடித்தேன். கடப்பாரை ஏன் இறங்கவில்லை என்று மேலே ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. அந்த மண்ணின் சங்கதி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆறு வருஷம் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது.

இரண்டாவது தப்பு, வரிசை. டிராக்டர் போய்வர வசதி என்று நீல நைலான் கயிறு கட்டி, மேலிருந்து கீழாக நேர்வரிசை பிடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஊடுபயிருக்கு உழும்போதும் டிராக்டர் மேலும் கீழுமாகவே போயிற்று. முதல் கார்த்திகை மழையில் உழவுச் சால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகிவிட்டது. செம்மண் கரைந்து ஓடை வரைக்கும் சிவப்பாகப் போனதை நின்று பார்த்தேன். அப்போதுகூட நல்ல மழை என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

சரிவில் டேப் பிடிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. டேப்பைத் தரையோடு படுக்கவைத்து 3 மீட்டர் குறித்தால், 18 டிகிரிச் சரிவில் கிடைமட்டமாக அது 2.85 மீட்டர்தான். மழையும் வெயிலும் மரத்துக்குக் கிடைமட்டப் பரப்பில்தான் கிடைக்கின்றன. வறண்ட மேல்பகுதியில் அகலமாக விட வேண்டிய இடைவெளியை நானே குறைத்திருக்கிறேன். டேப்பை ரசமட்டம் வைத்து மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டிருந்தால் போதும்.

முதல் இரண்டு கோடை கிணற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டோம். பாதி உயரத்துக்கு மேல் ஓஸ் எட்டவில்லை, குடத்தில் சுமந்தோம். கீழே பத்துக்கு ஒன்பது பிழைத்தது, மேலே பத்துக்கு ஆறு. செத்த இடங்களில் 2014-ல் மறுநடவு செய்தேன், அதிலும் பாதிதான் வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷத்துக்குப் பிறகு தோட்டத்தைக் கீழே ரோட்டிலிருந்து பார்த்தால், யாரோ மேலிருந்து கீழாக அளவு பார்த்து அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கீழே வீட்டு உயரம், நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மேலே என் தோள் உயரத்தில் வாடின குச்சி.

நாற்றில் கோளாறு என்று நினைத்தேன். விற்றவர் இரண்டாம் ரகத்தைக் கலந்துவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அப்படிக் கலந்திருந்தால் கீழேயும் அங்கங்கே சோனி மரம் நிற்க வேண்டும் அல்லவா, அது தோன்றவில்லை. அப்புறம் உரம் போதவில்லை என்று முடிவு செய்து, 2017 ஐப்பசிக் கடைசியில் மேல் வரிசைகளுக்கு மட்டும் நான்கு மூட்டை காம்ப்ளக்ஸ் வைத்தேன். கூலியோடு 7,000 ரூபாய் பக்கம் ஆயிற்று. நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் மழை. மார்கழியில் போய்ப் பார்த்தால் மேல் மரங்கள் அப்படியே நின்றன. கீழே ஓடைக்கரையில் கோரைப்புல்லும் அருகம்புல்லும் கரும்பச்சையாகத் தழைத்திருந்தன. உரம் எங்கே போயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

2019 சித்திரையில் பக்கத்து ஊர் கிணறு வெட்டும் அண்ணாச்சி ஒருவர் வேறு வேலையாக வந்தார். நான் மரத்தை அண்ணாந்து பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டார். “மேலயே பாத்துக்கிட்டு இருந்தா என்ன தெரியும் தம்பி? கீழ தோண்டிப் பாருங்க” என்றார். அன்று சாயங்காலமே கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு அவரும் நானும் ஏறினோம்.

மூன்று குழி தோண்டினோம். மேலே 1 அடி 4 அங்குலத்தில் கடப்பாரை ‘டங்’ என்றது. அது வரைக்கும் சரள் கலந்த சிவப்பு மண், அதற்குக் கீழே உடையாத பாறை. பக்கத்துத் தேக்கின் வேர் அந்தக் குழியின் சுவரில் தெரிந்தது. நேராக இறங்கி, பாறையில் முட்டி, சட்டென்று செங்கோணமாகத் திரும்பி, பாறையின் மேலேயே தட்டையாக நசுங்கினாற்போல் ஓடியிருந்தது. விரல் தடிமனான வேர், ஒரு பக்கம் தோசைத் திருப்பி போலத் தட்டை. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் இத்தனை வருஷம் அந்த மரத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று உறைத்தது.

நடுக்குழியில் மூன்றரை அடியில் பொடிப்பாறை வந்தது. அதைக் கையால் நொறுக்க முடிந்தது, வேர் அதற்குள்ளும் புகுந்திருந்தது. கீழ்க்குழியை 7 அடி தோண்டியும் பாறை தட்டவில்லை, நிறுத்திவிட்டோம். அந்தக் குழியின் சுவர் அடுக்கடுக்காக இருந்தது. மணல் அடுக்கு ஒன்று, கறுத்த மண் அடுக்கு ஒன்று, மறுபடி மணல். எத்தனையோ வருஷ மழை மேலிருந்து கொண்டுவந்து போட்ட மண். மேல்மட்டத்திலிருந்து நாலு அங்குல ஆழத்தில் ஒரு சாண் நீல நைலான் கயிறு கிடைத்தது. 2013-ல் வரிசை பிடிக்க நான் கட்டிய கயிறு. ஆறு வருஷத்தில் என் மேட்டு நிலத்து மண் நாலு அங்குலக் கனத்தில் அந்த மூலையில் வந்து படுத்திருக்கிறது. அந்தக் கயிற்றுத் துண்டு இன்னும் என் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது.

அதன் பிறகுதான் அளவு எடுக்க ஆரம்பித்தேன். சரிவை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடப் பாகைமானியை 2 அடி ரீப்பர் கட்டையில் ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். என் கண் உயரத்துக்கு ஒரு கம்பில் துணி கட்டி மச்சானை மேலே நிற்கவைத்து, ரீப்பர் வழியாக அந்தத் துணியைப் பார்த்து நூல் நிற்கும் கோணத்தைப் படித்தேன். மேல் 40 மீட்டர் 18 டிகிரி, அதாவது கிடையாக 100 அடி போனால் 32 அடி ஏற்றம். நடு 40 மீட்டர் 10 டிகிரி. கீழ் 40 மீட்டர் 4 டிகிரி.

மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில், 1.37 மீட்டரில், அளப்பது வழக்கம். அதிலும் தடுமாறினேன். சரிவில் கீழ்ப்பக்கம் நின்று என் நெஞ்சுக்கு நேராக அளந்தால், ஓர் எட்டு இறக்கத்தில் நிற்பதால் மரத்தில் ஒரு சாண் கீழே அளக்கிறேன், அங்கே மரம் தடிமன். மேல்பக்கம் நின்றால் மெலிவு. ஒரே மரம் இரண்டு நாளில் இரண்டு அளவு காட்டியது. கடைசியில் 1.37 மீட்டருக்கு ஒரு மூங்கில் கம்பு வெட்டி, எப்போதும் மரத்தின் மேட்டுப்பக்கத் தரையில் ஊன்றி, அந்த உயரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். பெயின்ட் அரை லிட்டர் போதுமானதாக இருந்தது. இதைச் செய்யாமல் வருஷா வருஷம் அளப்பது வீண் வேலை.

அந்தச் சித்திரையில் கிடைத்த சராசரி: கீழே 46 சென்டிமீட்டர், நடுவில் 35, மேலே 21. ஒரே நாளில் நட்ட மரங்கள்.

கீழே எல்லாம் பிரமாதம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஓடையை ஒட்டிய வடகிழக்கு மூலையில் மண் களிப்பாக இருக்கிறது. 2015 கார்த்திகையில் மூன்று வாரம் தண்ணீர் கட்டி நின்றது. தேக்குக்கு வேரில் தண்ணீர் தேங்குவது ஆகவே ஆகாது. 14 மரம் மஞ்சளாகிச் செத்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்து அழுகிய நாற்றம். அந்த மூலையில் வடிகால் வெட்டி நீர்மருது வைத்தேன், அது சுகமாக நிற்கிறது. என் நிலத்தில் மிக நன்றாக வந்திருக்கும் மரங்கள் கீழ்க்கோடியில் இல்லை. கீழிருந்து பத்துப் பன்னிரண்டாவது வரிசையில், மண் ஆழமாகவும் சரிவு தண்ணீரை வடிக்கும் அளவுக்கும் இருக்கும் இடத்தில்தான் நிற்கின்றன. கேரளத்து நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவர் கீழ் வேலை பார்த்த சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டது சாலியாற்றங்கரை வண்டல் மண்ணில். ஆழமும் வேண்டும், வடிகாலும் வேண்டும். ஆற்றோரத்து மேட்டில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும்.

பாறையை நான் இறக்க முடியாது. மண்ணை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தலாம். 2019 புரட்டாசியில் சம உயரக் கோட்டில் ஒரு நீள அகழி வெட்டுவோம் என்று முடிவு செய்தேன். கோடு பிடிக்க ஆங்கில ஏ எழுத்து மாதிரி ஒரு சட்டம் கட்டினேன். ஏழடிச் சவுக்குக் கம்பு இரண்டு, குறுக்கே ஒன்று, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். இரண்டு காலுக்கும் நடுவே சரியாக 2 மீட்டர். கல் தொங்கும் கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். சட்டத்தைத் திருப்பாமல் அப்படியே தூக்கி, முன்கால் நின்ற இடத்தில் பின்காலை வைத்துக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் முளை அடித்தேன். 80 மீட்டருக்கு 40 எட்டு வைத்தேன்.

நடுக்குறியை நான் டேப் வைத்து அளந்து போட்டேன். அங்கேதான் தவறினேன். ஒரு சவுக்குக் கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருந்திருக்கிறது. ஒரு எட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் 40 எட்டில் 60 சென்டிமீட்டர். நான் மட்டம் என்று நினைத்து வெட்டிய அகழி, தெற்குக் கோடியில் இரண்டு அடி இறங்கி இருந்தது. வெட்ட 8 ஆள், ஆளுக்கு 600, மொத்தம் 4,800 ரூபாய். கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை. அகழியில் விழுந்த தண்ணீர் மொத்தமும் தெற்கே ஓடி, கோடியில் கரையை உடைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கியது. இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு கீறல். 11 மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட அந்த மண் அங்கேயே இருந்திருக்கும். அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சட்டத்தைச் சரிபார்க்கும் முறையைப் பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு கால் நிற்கும் இடத்திலும் முளை அடித்து, கயிறு நிற்கும் இடத்தைக் குறுக்குக் கம்பில் பென்சிலால் குறிக்க வேண்டும். சட்டத்தைத் திருப்பி, வலது கால் நின்ற முளையில் இடது காலை வைத்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிக்கும் நடுவில் உள்ளதுதான் உண்மையான மட்டக்குறி. கால் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, தரை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிஷ வேலை. காற்றடிக்கும் நாளில் கயிறு ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் கல்லைக் கொஞ்சம் கனமாகக் கட்டுங்கள். ஆடி மாதத்தில் இந்த வேலையே வேண்டாம்.

2020-ல் ஊரடங்கு தளர்ந்த பிறகு, ஆவணியில் மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை நீள அகழி வேண்டாம், துண்டு துண்டாகக் குழி என்று மாற்றினேன். ஒரு குழி 3 மீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழம். பாறை தட்டும் ஆழம் அதுதான். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் 3 மீட்டர் இடைவெளி. சரிவில் 6 மீட்டருக்கு ஒரு வரிசை, கீழ் வரிசைக் குழி மேல் வரிசை இடைவெளிக்கு நேராக வரும்படி. மட்டம் கொஞ்சம் பிசகினாலும் ஒரு குழிக்குள்ளேதான் பிசகும், எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்துக்கு ஓடாது. வெட்டிய மண்ணைக் குழிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு அடி தள்ளிக் கரையாகப் போட்டோம். குழி ஓரத்திலேயே போட்டால் முதல் மழையில் உள்ளேயே சரிந்துவிடும்.

7 வரிசை, வரிசைக்கு 12, ஆக 84 குழி. ஒரு ஆள் நாளைக்கு 4 குழி வெட்டினார். 21 ஆள், 12,600 ரூபாய். ஒரு குழி நிறைந்தால் 540 லிட்டர், மொத்தம் ஒரு தடவைக்கு 45,000 லிட்டர். டேங்கர் வைத்து இவ்வளவு தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்ற முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு, கலைக்காமல் நிறுத்த நினைத்த ஒவ்வொரு மரத்துக்கும் கீழ்ப்பக்கம் பிறை வரப்பு. மரத்திலிருந்து 3 அடி ஆரத்தில் அரைவட்டம், கல்லால் 9 அங்குல உயரம். அடிவரிசைக் கல்லை மண்ணில் மூன்று அங்குலம் பதிக்க வேண்டும், சும்மா வைத்தால் உருண்டுவிடும். கல் அங்கேயே கிடந்தது, கூலி மட்டும்தான். 130 மரத்துக்கு 12 ஆள், 7,200 ரூபாய். இதிலும் ஒரு தப்பு செய்தேன். முதல் முப்பது மரத்துக்குப் பிறைக்குள் மண்ணைத் தூரை மூடும்படி அணைத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் கரையான் பட்டைமேல் மண்புற்று கட்டி ஏறிவிட்டது. தூரைச் சுற்றி ஒரு சாண் விட்டு, மண்ணை விலக்கினதும் சரியாயிற்று.

காசு அத்தோடு தீர்ந்தது. தெற்கோரம் இரண்டு வரிசை, ஒன்றும் செய்யாமல் நின்றது. அதுதான் ஆரம்பத்தில் சொன்ன 9 சென்டிமீட்டர் வரிசை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொத்தை அந்த ஓரத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வடகிழக்கு மழை முடிந்து தை, மாசியில் நிலம் காயும்போது சூரியனும் தெற்கே சாய்ந்திருக்கும். தென்முகச் சரிவு சீக்கிரம் காய்கிறது. அங்கே தேக்கு தை முடிவதற்குள் இலை கொட்டிவிடும், வடக்கோரத்தில் மாசிக் கடைசி வரைக்கும் பச்சை இருக்கும். மூன்று நான்கு வாரம் குறைவாக வளர்கிறது என்று அர்த்தம். அதனால் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் முழுவதும் குழியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பங்கு அதனால்தான் என்று நம்புகிறேன்.

2021 தையில் மேல் பகுதியில் ஒன்று விட்டு ஒன்று வெட்டிக் கலைத்தேன். மெலிந்ததும் வளைந்ததும் முதலில். அந்த ஒன்றரை அடி மண்ணில் இருக்கும் ஈரத்துக்கு இத்தனை வாய் கூடாது. 110 மரம் போயிற்று, வேலிக்கால் ஆயிற்று. வெட்டின அடிக்கட்டையைப் பார்த்தால் நடுக்குருத்து நடுவில் இல்லை. மேட்டுப்பக்கம் வளையங்கள் அகலமாகவும் பள்ளத்துப்பக்கம் நெருக்கமாகவும் இருந்தன. சரிவில் மண் மெல்ல மெல்ல நகர்வதால் கன்று பள்ளத்துப் பக்கம் சாய்கிறது, பிறகு தன்னை நிமிர்த்திக்கொள்ள மேட்டுப்பக்கம் ‘இழுவை மரம்’ என்கிற, தண்டை இழுத்துப் பிடிக்கும் கட்டையை வளர்க்கிறது. அடிப்பகுதி அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அதில் ஒரு துண்டை ஊர் ஆசாரியிடம் காட்டினேன். இழைத்துப் பார்த்துவிட்டு, “இது காயும்போது முறுக்கும், பலகைக்கு ஆகாது” என்றார். கீழே நிற்கும் மரத்தில் இந்தக் கோளாறு இல்லை.

மேல் வரிசைக்கு இன்னொரு தொந்தரவு ஆடிக்காற்று. பொத்தை மறைப்பதால் நடுவிலும் கீழேயும் அடங்கிப் போகிறது, உச்சியைத் தாண்டி விழும் இடத்தில் தேக்கின் பெரிய இலையைக் கிழித்துக் குருத்தை ஒடித்துவிடும். ஒடிந்த இடத்தில் இரண்டு கிளை கிளம்பிக் கவட்டையாகும். ஆவணி பிறந்ததும் ஏணி வைத்து ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிடுவேன். மிளா (கடமான்) கொம்பு உரசிப் பட்டை போவதும் உண்டு. மேட்டில் ஒன்பது மரம் அப்படிப் போயிற்று.

குழிகளுக்கு உண்மையான சோதனை 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை எங்கள் பக்கத்தையும் விடவில்லை. ரோடு திறந்த மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. 84-ல் 9 குழியின் கரை உடைந்திருந்தது. ஆனால் கீறல் எங்கேயும் முழங்காலுக்கு மேல் ஆழமில்லை. மற்ற குழிகளில் அரை அடிக்கு வண்டல் படிந்திருந்தது. கணக்குப் போட்டால் 545 கன அடி, ஐந்தரை டிராக்டர் டிரெய்லர் மண். பழைய நாளாக இருந்தால் அத்தனையும் ஓடைக்குப் போயிருக்கும். 2024 சித்திரையில் 6 ஆள் வைத்து, ஆளுக்கு 700, அந்த வண்டலை வாரிப் பிறைகளுக்குள் பரப்பினோம். தேக்கு இலைச் சருகையும் இப்போது குழிக்குள்ளேயே தள்ளிவிடுகிறேன். சரிவில் சருகு கிடந்தால் கோடையில் ஒரு பீடித் துண்டு போதும், தீ மேட்டைப் பார்த்து ஓடும்.

2025 தை மாத அளவு: கீழே 70 சென்டிமீட்டர், நடுவில் 54, மேலே குழி வெட்டிய பகுதி 39, வெட்டாத வரிசை 31. கலைத்த மரங்களைப் பழைய கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டேன். 2020-ல் மேலே குழி வெட்டிய பகுதி 23-ம் வெட்டாத வரிசை 22-ம் இருந்தன.

39-ஐ 70-ஓடு வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வந்துவிட்டதே என்று தோன்றும். மரக்கடைக்காரர் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கம் போட்டு, நீளத்தால் பெருக்குவார். 70 சென்டிமீட்டர் என்பது 27½ அங்குலம். பத்தடித் துண்டுக்கு 3.3 கன அடி. 39 சென்டிமீட்டருக்கு 1 கன அடிதான். சுற்றளவில் பாதிக்கு மேல், மரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேல் வரிசை தேறிவிட்டது என்று சொல்லலாம், கீழ் வரிசையை எட்டிப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 20,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்து நான் காப்பாற்றியது பெரும்பாலும் மண்ணைத்தான். அந்தச் செலவுக்கு நான் வருத்தப்படவில்லை.

இனி ஒரு தடவை இதே நிலத்தில் ஆரம்பித்தால், ஒரு கன்றுகூட வாங்குவதற்கு முன்னால் கோடையில் மூன்று உயரத்திலும் குழி தோண்டிப் பார்ப்பேன். இரண்டு ஆள் கூலிதான். அப்புறம் ஆவணிக்குள் குழியும் வரப்பும் வெட்டி, அந்த வருஷ மழையை அதில் நிற்கவிட்டு, அடுத்த வருஷம் சம உயரக் கோட்டில் நடுவேன். மேலும் கீழுமாக உழ விடமாட்டேன். மூன்றடி ஆழம் இல்லாத இடத்தில் தேக்கு வைக்கவே மாட்டேன். அந்த இடத்தில் என்ன வரும் என்று பொத்தையே காட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் உடைமரமும் உசில்மரமும் வேம்பும், ஓடைக்கரையில் மருதும் புங்கும், தானாக முளைத்து எத்தனையோ வருஷமாக நிற்கின்றன. நான் நாற்றுப் பண்ணையின் விலைப்பட்டியலைத்தான் பார்த்தேன்.

2024 ஐப்பசியில் உச்சி நான்கு வரிசையில் தேக்கை எடுத்த இடங்களில் 40 வேங்கைக் கன்றும் 25 வேம்பும் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் குழிக்குக் கீழே, கரையின் ஓரத்தில். வேங்கையில் மூன்று போய்விட்டது. மற்றவை ஒன்றரை அடி உயரத்தில் நிற்கின்றன. மிளாவுக்கு எட்டாமல் முள்ளு வெட்டிக் கட்டியிருக்கிறேன்.